துளசி இருமவில்லை

துளசியை முதன்முதலாகப் பார்த்த அன்று, அவள் என்னைப் பார்த்து வாயைத் திறந்தாள். என் கையில் இருந்தது பேனா. அது பளபளத்ததால் கரண்டி என்று நினைத்துவிட்டாள்.

"பாத்தீங்களா மிஸ்ஸி? எதக் குடுத்தாலும் சாப்பிடுவா. வேணாம்னு ஒரு நாள் சொன்னதில்ல," என்றாள் நவமணி. பெருமையோடுதான் சொன்னாள்.

எனக்கு அது பிடிக்கவில்லை.

நான் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். தாதிகளை இங்கே மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். எழுபது வயதாகியும் அந்தப் பெயர் என்னை விடவில்லை. உடல் முடங்கிய பிள்ளைகளைப் பராமரிக்கப் பயிற்சி பெற்றிருந்ததால், கோல சிலாங்கூர் வட்டாரத்துத் தோட்டங்களில் அப்படிப்பட்ட பிள்ளைகள் உள்ள வீடுகளுக்குப் போய் வருகிறேன். பல பிள்ளைகளைப் பார்த்தாகிவிட்டது. முகத்தைத் திருப்பும், துப்பும், கரண்டியைத் தட்டிவிடும் பிள்ளைகளைப் பற்றி எனக்குக் கவலை கிடையாது. எதையும் மறுக்காத பிள்ளையைப் பார்த்தால்தான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவேன்.

நவமணி ஈஜோக் பக்கத்துத் தமிழ்ப்பள்ளியில் கண்டீன் நடத்துகிறாள். புருஷன் தனபாலன் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறான். தோட்டத்துக்குள்ளேயே வீடு. பழைய தொழிலாளர் லயத்தை இடித்துக் கட்டிய வரிசை வீடுகளில் கடைசி. யார் படியேறினாலும் நவமணியின் முதல் கேள்வி, "சாப்பிட்டீங்களா?" என்பதுதான். சாப்பிட்டேன் என்று சொன்னால் நம்பமாட்டாள். பள்ளிக்கூடத்துப் பையன்களின் தட்டில் கேட்டதற்கு மேல் ஒரு கரண்டி விழும். "நவமணி ஆண்ட்டி கடையில டயட் இருக்க முடியாதுலா," என்று ஆசிரியர்களே சிரிப்பார்கள். அவளுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. ஊரார் பிள்ளைகளுக்குப் பரிமாறியே நாற்பது வயதைத் தாண்டிவிட்டாள்.

கடலுக்கு அந்தப் பக்கத்து நாட்டில், மேடானில், தனபாலனின் பாட்டன் வழிச் சொந்தங்கள் இருக்கிறார்கள். அங்கே ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, பெண் வீட்டார் ஆதரவற்ற பிள்ளைகளின் இல்லம் ஒன்றில் சாப்பாடு போட்டார்கள். நவமணி சும்மா நிற்கிறவள் இல்லை. தட்டை வாங்கி ஊட்டப் போய்விட்டாள். மூலைக் கட்டிலில் நாலு வயதுப் பெண் ஒன்று மல்லாந்து கிடந்தது. பெருமூளை வாதம். கை கால் விறைப்பு, பேச்சில்லை. கரண்டியைக் கண்டதும் அது வாயைத் திறந்தது.

"நான் ஊட்டுன அத்தனையும் சாப்பிட்டா மிஸ்ஸி. ஒரு பருக்க மிச்சம் வைக்கல. என்னையே பாத்துக்கிட்டு இருந்தா. அங்கேயே நான் முடிவு பண்ணிட்டேன்."

தனபாலன் லோரிக்காரன், பேச்சு கம்மி. உறவுக்காரர்கள் ஆளுக்கு ஆள் பயமுறுத்தியபோது, "கை கால் வரலன்னா பசிக்காதா?" என்று மட்டும் கேட்டானாம். இரண்டு நாட்டு அலுவலகங்களுக்கும் அலைந்து, வழக்கறிஞர் பின்னால் சுற்றி, பிள்ளையைக் கொண்டுவர ஆண்டுகள் பிடித்தன. துளசி என்ற பெயர் நவமணி வைத்தது.

அந்த இல்லத்தில் எப்படிச் சாப்பாடு கொடுத்தார்கள் என்று கேட்டேன்.

"படுக்க வச்சுத்தான். போத்தல தலகாணில சாச்சு வாயில நிப்பாட்டிடுவாங்க. ரப்பர்ல ஓட்டய பெருசாக்கி வச்சிருந்தாங்க, சீக்கிரம் முடியணும்ல. ஆயா ஒருத்தி, பிள்ளைங்க ஒரு கூட்டம்."

அப்படி வளர்ந்த பிள்ளை என்ன கற்றுக்கொள்ளும் என்று எனக்குத் தெரியும். முகத்தைத் திருப்பினால் போத்தல் அடுத்த கட்டிலுக்குப் போய்விடும். அதனால் திருப்பாது. வருவதை எல்லாம் உள்ளே விடும். பாதி வயிற்றுக்குப் போகும், பாதி மூச்சுக்குழாய்க்குள் போகும். மற்றவர்களுக்கு அப்படிப் போனால் புரையேறும். இந்தப் பிள்ளைக்கு இருமலே வராது. நம்மிடம் சொல்ல அதற்கு வேறு வழியும் கிடையாது.

நவமணி ஊட்டி முடித்ததும் துளசியின் முதுகில் காது வைத்துக் கேட்டேன். உள்ளே ஈரச் சத்தம். கண்ணில் நீர் கோத்திருந்தது. முகத்தில் சிரிப்பு.

அந்த மாதமே நுரையீரலில் சளி கட்டி மருத்துவமனையில் படுத்தாள். அங்கே படம் எடுத்துக் காட்டினார்கள்; பால் எந்தப் பக்கம் இறங்குகிறது என்று நவமணி தன் கண்ணாலேயே பார்த்தாள். மருத்துவர் சுற்றி வளைக்கவில்லை. நிமிர்த்தி உட்கார வைத்துத்தான் ஊட்ட வேண்டும், தாடை கீழே இறங்கியிருக்க வேண்டும், எல்லாவற்றையும் பொடி போட்டுக் கெட்டியாக்க வேண்டும், தண்ணீராக ஓடும் எதுவும் கூடாது. இப்படியே திரும்பத் திரும்ப வந்தால் ஒரு தடவை திரும்பிப் போகமாட்டாள் என்றார்.

நான் ஒன்று கூடுதலாகச் சொல்லிக்கொடுத்தேன். கரண்டியை உதட்டருகே கொண்டுபோய் நிறுத்தி, "வேணுமா?" என்று கேட்டுக் காத்திருக்க வேண்டும். முகம் திரும்பினால் கரண்டி போய்விட வேண்டும். வேண்டாம் என்று சொல்லலாம் என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரிய வேண்டும். நவமணி ஒவ்வொரு வேளையும் கேட்டாள். துளசி ஒவ்வொரு வேளையும் வாயைத் திறந்தாள்.

நவமணி இந்த விதிகளைப் பிடித்துக்கொண்டாள். தோட்டம் பிடித்துக்கொள்ளவில்லை. கடல் கடந்து வந்த பிள்ளை, பெற்றவள் முகம் அறியாத பிள்ளை, கண்டால் சிரிக்கிற பிள்ளை. யாருக்குத்தான் கை சும்மா இருக்கும்? பக்கத்து வீட்டுப் புஷ்பவள்ளி நல்லவள். நவமணி கண்டீனில் இருக்கும் நேரம் துளசியைப் பார்த்துக்கொள்வது அவள்தான். பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் தோய்த்து ஒரு வாய் கொடுப்பாள். "ஒண்ணுமே ஆகல நவமணி, ஒரு இருமல் கூட இல்ல," என்பாள். இரண்டு நாளில் காய்ச்சல் வரும். இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. நவமணி பார்த்தாள். வாசல் கதவுக்குப் பூட்டு வாங்கினாள், துளசியைக் கண்டீனுக்கே கொண்டுபோனாள்.

"பிள்ளையப் பட்டினி போடுறா."

"பெத்திருந்தா இப்படிப் பூட்டுவாளா?"

குழாயடியில் அப்படிப் பேசினார்கள். ஊருக்கே சோறு போடுகிறவளைப் பார்த்துச் சொன்னார்கள். அவள் கதவைத் திறக்கவில்லை.

இரண்டாவது தடவை மருத்துவமனையிலிருந்து வந்து கொஞ்ச நாளில் ராசா என்ற ஊரிலிருந்து தாயம்மா வந்தாள். தனபாலனின் அக்கா, அவனைத் தூக்கி வளர்த்தவள். நானும் அன்று அங்கே இருந்தேன். வேனிலிருந்து மஞ்சள் சேலையும் இரண்டு முழுக் கரும்பும் இறங்கின.

வழக்கு இழுத்துக்கொண்டிருந்தபோது தாயம்மா மாரியம்மனுக்கு நேர்ந்திருந்தாள். பிள்ளை கைக்கு வந்தால் கரும்புத் தொட்டில் கட்டி எடுக்கிறேன் என்று. பிள்ளை வரம் கேட்டவர்கள் எல்லாம் செய்வதுதான். கரும்பில் சேலையைத் தூளியாகக் கட்டி, பிள்ளையை அதில் கிடத்தி, தகப்பன் முன்னாலும் தாய் பின்னாலும் தோளில் சுமந்து ஊர்வலமாகப் போய்க் கோயிலைச் சுற்றுவார்கள். சில மாதக் குழந்தைக்கான நேர்த்தி அது. துளசிக்கு ஆறு வயது முடிந்திருந்தது.

"அதுல படுத்தா தலை பின்னால சாஞ்சிரும் அண்ணி," என்றாள் நவமணி.

"எத்தன பிள்ளைங்க படுத்திருக்கு? எந்தப் பிள்ளைக்கு என்ன ஆச்சு?"

"மத்த பிள்ளைங்க அழும்ல."

"இவ அழமாட்டா. அதுவும் நல்லதுதானே. ஏம்மா, நேந்துக்கிட்டது நான். குடுத்தது ஆத்தா. வாங்கிட்டு ஏமாத்துனா சும்மா விடுவாளா? பிள்ளைக்கு ரெண்டு தடவ நெஞ்சுல கட்டுனது ஏன்னு நினைக்கிற?"

தனபாலன் இருவரையும் பார்த்தான். "சின்னச் சுத்துதானேலா," என்றான் மனைவியிடம். கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். தொட்டில் எடுப்பது, தலைக்குக் கீழே இரண்டு தலையணை வைப்பது, அபிஷேகப் பாலை வாயில் விடக்கூடாது. தாயம்மா பிள்ளையின் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தாள். அவள் சொன்ன சொல் தவறாதவள். அன்றும் தவறவில்லை. பாலைப் பற்றி மட்டும்தான் எல்லோரும் யோசித்திருந்தோம்.

திருவிழா அன்று காலையிலேயே வெயில் ஏறிவிட்டது. முனியாண்டி கோயிலிலிருந்து மாரியம்மன் கோயில் வரை செம்பனைக்கு நடுவே தார்ச்சாலை. தொட்டில் கோயில் வாசலுக்குப் போகும்வரை தரையில் படக்கூடாது என்பது கட்டு. தனபாலன் முன்னால் போனான். நவமணி பின்னால், இரண்டு கையும் கரும்பில். உருமி மேளத்தின் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்கவில்லை. சேலை மடிப்புக்குள் துளசி எப்படிக் கிடக்கிறாள் என்று நவமணிக்குத் தெரியாது. தலைமுடி மட்டும் தெரிந்தது. நான் என் முழங்கால் வலியோடு பின்தங்கிவிட்டேன். தலையணைகள் நழுவிச் சேலைக்கு அடியில் பிதுங்கியிருந்ததை அங்கிருந்து பார்க்க முடிந்தது. கத்தினேன். யாருக்குக் கேட்கும்?

பாதி வழியில் தண்ணீர்ப் பந்தல். காவடி எடுப்பவர்களுக்கும் பால்குடப் பெண்களுக்கும் மோரும் சிராப்புச் சர்பத்தும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே நின்றவள் புஷ்பவள்ளி. ரோஜா நிறச் சிராப்புக் கோப்பையோடு தொட்டிலுக்கு ஓடி வந்தாள். வெயிலில் பிள்ளைக்குத் தொண்டை காய்ந்திருக்கும் என்று நினைத்தாள். வேறு எதுவும் நினைக்கவில்லை. கை சேலைக்குள் போனது. அவளைப் பார்த்து இன்னொருத்தியும் வந்தாள்.

நவமணி கத்தினாள். பக்கவாட்டில் திரும்பியதில் அவள் வாய் அசைந்தது எனக்குத் தெரிந்தது. தனபாலன் திரும்பவில்லை, நடந்துகொண்டே இருந்தான். தொட்டிலின் அடியிலிருந்து சிராப்பு சொட்டுச் சொட்டாகத் தார்ச்சாலையில் விழுந்தது. உள்ளே இருந்து சத்தமே இல்லை.

நவமணி கரும்பைத் தோளிலிருந்து இறக்கினாள். தொட்டில் தரையில் பட்டது.

உருமி நின்றது. "அடிப்பாவி, தொட்டில இறக்கிட்டியே," என்று தாயம்மாவின் குரல். நவமணி பிள்ளையை வெளியே இழுத்து, முன்பக்கம் சாய்த்துத் தன் கையில் தாங்கினாள். படித்துக்கொண்டதை அப்படியே செய்தாள். வாயிலிருந்தும் மூக்கிலிருந்தும் ரோஜா நிறத்தில் ஒழுகியது. நான் போய்ச் சேர்ந்தபோது துளசியின் உதட்டில் நீலம் படிந்திருந்தது. மூச்சு ஓடிக்கொண்டிருந்தது, கொதிக்கிற பானை மாதிரி. அவள் இருமவில்லை. புஷ்பவள்ளியின் கையில் இருந்த கோப்பையைப் பார்த்தாள். மறுபடியும் வாயைத் திறந்தாள்.

புஷ்பவள்ளி கோப்பையைக் கீழே போட்டுவிட்டு அழ ஆரம்பித்தாள். "காருக்கு வழி விடுங்க, அப்புறம் அழலாம்," என்றேன்.

இந்தத் தடவை மூச்சுக்கு இயந்திரம் வைத்தார்கள். பிழைக்கமாட்டாள் என்று ஒரு நாள் எங்களை அழைத்துப் பேசவும் செய்தார்கள். பிழைத்தாள். மூக்கில் குழாயோடு வீட்டுக்கு வந்தாள். உயிருக்கான சாப்பாடு குழாய் வழியாக. வாயில் ருசிக்கு மட்டும் கெட்டியான கூழ், அதுவும் நவமணி கையால்.

பூட்டு தேவைப்படாமல் போனது. தரையில் இறங்கிய தொட்டிலின் பிள்ளை என்று அந்த வீட்டுப் பக்கம் யாரும் வருவதில்லை. புஷ்பவள்ளி வேலிக்கு அந்தப் பக்கமாகவே நின்று குழம்பைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவாள். தாயம்மா மட்டும் வந்தாள். நேர்த்தி பாதியில் நிற்கிறது, முழுசாக முடிக்காவிட்டால் ஆத்தா கேட்பாள் என்றாள். அன்று மிஞ்சிய கரும்பைத் துண்டு போட்டு அடுக்களைக்குப் பின்னால் நட்டாள். அடுத்த திருவிழாவுக்கு இந்த வீட்டுக் கரும்பிலேயே தொட்டில் கட்டவேண்டுமாம். தனபாலன் தண்ணீர் ஊற்றினான்.

போன மாதம் நான் போயிருந்தபோது கரும்பு ஜன்னலைத் தாண்டி வளர்ந்திருந்தது. அடுக்களையில் வெளிச்சம் குறைந்துவிட்டது. தாயம்மா ராசாவிலிருந்து தேதி பேச வந்திருந்தாள். கையில் அவள் ஊர்க் கோயில் அபிஷேகப் பால், சின்ன டம்ளரில்.

"ஒரு சொட்டு நாக்குல தடவுறேன். பரிகாரம். மிஸ்ஸியே பக்கத்துல இருக்காங்க."

"பிள்ள சாப்பிடுற நேரம் அண்ணி, இருங்க," என்றாள் நவமணி.

துளசி நிமிர்ந்து நாற்காலியில் இருந்தாள். பூசணிக் கூழ். நவமணி கரண்டியை உதட்டருகே நிறுத்தி, "வேணுமா?" என்றாள். வழக்கம்போலக் காத்திருந்தாள். நான் வாய் திறப்பதைப் பார்க்கக் குனிந்தேன்.

வாய் திறக்கவில்லை. உதடு இறுகியது. விறைத்த கழுத்தை மெல்ல, சிரமப்பட்டு, ஜன்னல் பக்கம் திருப்பினாள்.

நவமணி அசையாமல் இருந்தாள். ஒரு பருக்கை மிச்சம் வைக்காத பிள்ளை என்று நம்பித்தான் கடல் தாண்டித் தூக்கி வந்தாள். இப்போது அவள் கைச் சோறே வேண்டாம் என்கிறது. அவள் முகம் கறுத்ததை நான் பார்த்தேன். பிறகு கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள்.

"சரிடி. வேணாம்னா வேணாம்."

"ஆத்தா வாயக் கட்டிட்டா," என்றாள் தாயம்மா. டம்ளரோடு ஒரு அடி முன்னால் வந்தாள்.

"இல்ல அண்ணி. அவளுக்கு வேணாம்." நவமணி எழுந்து நாற்காலிக்கு முன்னால் நின்றாள். "தொட்டிலும் வேணாம். தேதி பாக்காதீங்க."

"தம்பி, கேட்டியா இவ பேசுறத?"

தனபாலன் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். பிள்ளையின் திரும்பிய முகத்தைப் பார்த்தான். "கேட்டேன்க்கா," என்றான்.

"எம்மேல பழி இல்ல. நடக்கறது நடக்கட்டும்," என்று தாயம்மா பாலை முற்றத்தில் ஊற்றிவிட்டு வேனில் ஏறினாள்.

அன்று துளசியின் முதுகில் காது வைத்தேன். ஈரச் சத்தம் முழுசாகப் போகவில்லை. அது போகாது, சாவிலிருந்து எப்போதும் ஒரு காய்ச்சல் தூரத்தில்தான் இருப்பாள். நவமணிக்கும் அது தெரியும். நான் கிளம்பும்போது அவள் அடுக்களைக்குப் பின்னால் கத்தியோடு நின்றாள். முதல் கரும்பு சாய்ந்துவிட்டது. இரண்டாவதில் கை வைத்தபோது, வேலிக்கு அந்தப் பக்கம் பெண்கள் கூடி நின்று பார்ப்பதைக் கண்டாள். அவள் வெட்டிக்கொண்டே இருந்தாள்.