மைனியும் அரளி வேலியும்

இருபது அரளிக் கன்றுகளோடு லோடு ஆட்டோ பின் சந்தில் வந்து நின்ற காலையை நினைத்தால், கண்ணுக்குள் முதலில் வருவது கன்று இல்லை, மைனி நின்ற நிலைதான். ஒரு கையில் ஈர்க்குமாறு, மறு கை இடுப்பில். அதுவரை கேட்டுக்கொண்டிருந்த பெருக்குகிற சத்தம் நின்றுபோனது. ஆட்டோக்காரன் கறுப்புப் பைகளை ஒவ்வொன்றாக இறக்கி முடிக்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்.

"அரளியா?"

"ஆமா மைனி."

"அம்புட்டுமா?"

"ஆமா."

"யாருக்குளா?"

எங்கள் பக்கத்தில் அரளி என்றால் பூவுக்கு முன்னால் விஷம்தான் ஞாபகம் வரும். அவள் கேட்டது அதைத்தான் என்று ஆட்டோக்காரனுக்கே புரிந்து, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். நான் விடுவேனா? "கண்ணேறுக்கு மைனி. இந்தப் புறவாசல்ல கண்ணு ஜாஸ்தி" என்றேன். அவள் பெருக்கின இடத்தையே திரும்பப் பெருக்க ஆரம்பித்தாள்.

மைனி என் வீட்டுக்காரரின் அக்கா. மாமனார் உடன்குடியிலிருந்து தூத்துக்குடிக்கு வந்து இரண்டு வீடு கட்டி, மகளுக்கு ஒன்று மகனுக்கு ஒன்று என்று கொடுத்துவிட்டுப் போனார். முன்வாசல் தனித்தனி. புறவாசல் ஒன்றுதான். நடுவில் ஒரு அடிபம்பு, இரண்டு துவைகல், எங்கள் பக்கம் ஒரு வேப்பமரம். சுவர் கிடையாது. தாயில்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். அதை ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது சொல்லாமல் அவளுக்குப் பொழுது போகாது. நான் கல்யாணமாகி வந்த மறுவாரமே என் அடுக்களைக்குள் நுழைந்து, கொதிக்கிற குழம்பைக் கரண்டியால் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்து, "தம்பிக்கு உறைப்பு ஆகாது" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்கு அவள்மேல் விழுந்த சந்தேகம்தான், நாற்பது வருஷமாக விலகவில்லை. அவளுக்கும் என்மேல் அப்படியே. துணி காயப்போட்டால் எத்தனை சேலை புதுசு என்று பார்ப்பாள். மீன் கழுவினால் என்ன மீன் என்று பார்ப்பாள். நானும் லேசுப்பட்டவள் இல்லை. அவள் வீட்டுக்கு யார் வந்தார்கள், எந்நேரம் போனார்கள் என்று எனக்கும் தெரியும்.

என் வீட்டுக்காரருக்குத் திரேஸ்புரத்தில் கயிற்றுக்கடை. வலைக்கயிறு, நங்கூரக் கயிறு, மிதவை எல்லாம் விற்பார். எந்தக் கயிறு வந்தாலும் நுனியைப் பிரித்து, நார் நாராக விரலில் முறுக்கி, பல்லில் கடித்து இழுத்துப் பார்ப்பார். அதற்கப்புறம்தான் சரக்கை இறக்க விடுவார். படகுக்காரர்கள் கயிறு வாங்கும்போது, "அண்ணாச்சி, கடிச்சுப் பாத்தாச்சா?" என்று கேட்டுத்தான் எடுப்பார்கள். அப்படிப்பட்ட மனுஷருக்கு ஞாபகம் பிசக ஆரம்பித்தது. முதலில் ஆட்களின் பெயர், பிறகு கடைக்குப் போகிற வழி. கடையை அடைத்தோம். ஒரு நாள் காலையில் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தேன். தம்ளரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க யாரு வீட்டுப் பிள்ளை தாயி?" என்றார். 'ஏளா' என்பதைத் தவிர வேறு வார்த்தை சொல்லி என்னைக் கூப்பிட்டறியாதவர். நாற்பது வருஷத்தில் எனக்கு அவர் கொடுத்த முதல் மரியாதை அது.

எனக்கு இரண்டு பயம். மைனிக்குத் தெரிந்தால், "நீ பாத்த லட்சணம் இதுதானா?" என்று கேட்டுத் தம்பியின் கையைப் பிடித்துத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள். சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் அவள் பக்கம்தான் பேசுவார்கள். இது ஒரு பயம். மற்றது இதைவிடப் பெரிசு, இதுவரை யாரிடமும் சொல்லாதது. அங்கே போய் அவர் அவளை அடையாளம் கண்டுகொண்டு 'யக்கா' என்று கூப்பிட்டுவிட்டால்? என்னை மறந்தவருக்கு அவளை ஞாபகம் இருந்தால், இந்த வீட்டில் நான் இத்தனை வருஷம் யாராக இருந்தேன்?

முன்வாசலைச் சமாளித்துவிடலாம். மைனி வந்தால் தூங்குகிறார், சளி பிடித்திருக்கிறது என்று ஏதாவது சொல்லி அனுப்பிவிடுவேன். ஆனால் அவருக்கு வேப்பமரத்தடி நாற்காலியில் உட்கார்ந்தால்தான் மனசு அமரும். குளிக்க வைப்பதும் அங்கேதான். சில நாள் துணி கட்ட மாட்டேன் என்று சின்னப்பிள்ளை மாதிரி அடம்பிடிப்பார். மறைப்பு வேண்டும். சுவர் எழுப்பலாம்தான். ஆனால் அக்கா தம்பி வீட்டுக்கு நடுவில் சுவர் எழும்பினால் மறுநாளே ஊரிலிருந்து ஆட்கள் வந்து பஞ்சாயத்துக்கு உட்கார்ந்துவிடுவார்கள். சுவர் வைத்தவள் காரணம் சொல்லியாக வேண்டும். செடி வைத்தவளிடம் யார் காரணம் கேட்கப் போகிறார்கள்?

பைபாஸ் பக்கம் ஒரு நர்சரிக்குப் போனேன். ஒவ்வொரு செடியிலும் இங்கிலீஷில் ஒரு அட்டை தொங்கியது. எனக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும். அதைக் காட்டிக்கொள்ளாமல் அட்டையைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, நர்சரி அண்ணாச்சியிடம் வாயால் கேட்டேன்.

"மறைப்புக்குன்னா நெட்டிலிங்கம் வைங்கம்மா. பங்களா வீட்டுக்காரங்க எல்லாம் அதத்தான் வாங்குதாங்க."

"அது மேல போயி மறைக்கும். கீழ தூருதான நிக்கும்? எனக்கு ஆகாசத்துக்கா மறைப்பு?"

"அப்போ செம்பருத்தி?"

"ஆடு தின்னும். ஆடு விட்டா, பூப்பறிக்க வாரேன்னு ஆறு பேரு உள்ள வருவா."

மருதாணி என்றார். இலை கேட்டு வருகிறவர்களுக்குக் கதவு திறந்தே எனக்கு வயசாகிவிடும் என்றேன். இட்லிப்பூ என்றார். அது ஆள் உயரம் வளருவதற்குள் நான் இருப்பேனோ என்னவோ. மூங்கிலில் பாம்பு அடையும். மளமளவென்று வளருகிற வெளிநாட்டுச் செடி ஒன்றைக் காட்டினார். அதன் பூத்தூசியால் மூச்சுமுட்டு வரும் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள், வேண்டாம் என்றேன். அண்ணாச்சிக்குப் பொறுமை போய்விட்டது.

"ஆடு தின்னக்கூடாது, ஆளு பறிக்கக்கூடாது, உப்புத் தண்ணியக் குடிச்சுக்கிடணும், கடக்காத்தத் தாங்கணும், இலை கொட்டாம வருசம் பூரா பச்சையா நிக்கணும். அப்படி ஒண்ணே ஒண்ணுதாம்மா இருக்கு" என்று அரளியைக் கை காட்டினார். காட்டிவிட்டு, என் கழுத்தில் தாலி இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்தார். "வீட்டுல எத்தன பேரும்மா?"

"ஏன், சோறு போடப் போறியளா?" என்றேன். அப்புறம் அவர் இரண்டடிக்கு ஒரு கன்று வைக்கச் சொன்னார். அதிகம் தள்ளிவிடப் பார்க்கிறார் என்று நினைத்து, நான் மூன்றடிக்கு ஒன்று வைத்தேன். அந்த இடைவெளி அடைபட ஒரு மழைக்காலம் கூடுதலாகப் பிடித்தது. இது என் சந்தேகத்துக்கு நான் கொடுத்த விலை.

ஒன்றரை வருஷத்தில் வேலி என் தலைக்கு மேல் போய்விட்டது. நல்ல பச்சை, அடர்த்தி. அந்தப் பக்கம் மைனி நடந்தால் சத்தம் கேட்கும், ஆள் தெரியாது. எனக்கு மூச்சு விட்ட மாதிரி இருந்தது. அவள் சும்மா இருப்பாளா? உடன்குடியிலிருந்து ஒரு சித்தி போன் போட்டாள். "புறவாசல் பூரா அரளி வச்சிருக்கியாமே, வீட்டுல எல்லாரும் நல்லா இருக்கியளா?" என்றாள். இன்னொருத்தி நேரிலேயே வந்து, அவர் படுத்திருந்த அறை வாசலில் நின்று மூச்சு ஏறி இறங்குகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். நான் தம்பியை மெல்ல மெல்லக் கொல்கிறேன் என்று மைனி நினைக்கிறாள். நினைக்கட்டும் என்று இருந்துவிட்டேன்.

அப்போதுதான் வேலியில் ஓட்டை விழுந்தது. சரியாக அவர் நாற்காலிக்கு நேரே, உட்கார்ந்தவர் கை எட்டுகிற உயரத்தில், கொப்பும் இலையும் இல்லாமல் ஒரு ஜன்னல் மாதிரி. பூச்சியோ என்று பார்த்தேன். பூச்சி கடித்தால் சீராகவா கடிக்கும்? நறுக்கின தடம் தெரிந்தது. எட்டிப் பார்க்கத்தான் வழி செய்திருக்கிறாள் என்று ஒரு பழைய சேலையை அங்கே குறுக்காகக் கட்டினேன். மறுநாள் சேலை அவிழ்ந்து கிடந்தது, ஓட்டை இன்னும் அகலமாகியிருந்தது. மூன்று நாள் கட்டினேன், மூன்று நாளும் அவிழ்ந்தது. நாலாம் நாள் மத்தியானம், சாப்பாடு முடிந்து அவர் நாற்காலியில் கண்ணயர்ந்த நேரம், நான் வேலி ஓரமாகத் துவைகல் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்துகொண்டேன். காக்கைச் சத்தம்கூட இல்லை. இலைக்குள்ளிருந்து ஒரு கை வந்தது. மைனியின் ஒற்றை வளையல். கையில் பாக்குவெட்டி. கப்பென்று மணிக்கட்டைப் பிடித்தேன்.

"எட்டிப் பாக்க இந்த ஓட்ட பத்தலையா மைனி?"

"கைய விடுளா."

"விட மாட்டேன். என்னத்தப் பாக்கிய அப்படி? சொல்லுங்க."

"உன் மூஞ்சியவா பாக்க வந்தேன்? அவன் கையப் பாருளா. திரும்பி அவன் கையப் பாரு!"

திரும்பினேன். அவர் விழித்திருந்தார். நாற்காலியை நகர்த்தி, ஓட்டைக்கு இந்தப் பக்கம் மிச்சமிருந்த ஒரு கொப்பை ஒடித்திருந்தார். பட்டையை நீளமாக உரித்து, விரலில் முறுக்கி, கயிறு பார்க்கிற மாதிரி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, நுனியை வாய்க்குக் கொண்டுபோனார். எப்படி ஓடினேன் என்று எனக்குத் தெரியாது. பிடுங்கி எறிந்து, வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினேன். என் விரலைக் கடித்தார். பம்புத் தண்ணீரால் கொப்பளிக்க வைத்தேன். நல்லவேளை, அப்போதுதான் பல்லில் வைத்திருக்கிறார். தண்ணீரைத் துப்பிவிட்டு என்னிடம், "சரக்கு நயமில்ல தாயி. நாரு கசக்குது" என்றார்.

ஆடு தின்னாத செடியாகத் தேடித் தேடி வாங்கின எனக்கு, என் மனுஷர் பல் ஞாபகம் வரவில்லை.

மைனி வேலியைப் பிளந்துகொண்டு இந்தப் பக்கம் வந்திருந்தாள். சேலை கிழிந்து, முகமெல்லாம் கீறல். "எட்டு நாளா பாக்கேன். அவன் கைக்கு எட்டுத கொப்ப எல்லாம் நான் வெட்டிப் போடுதேன், நீ சேலையக் கட்டிக்கிட்டு அலையுத" என்றாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னா என்ன?"

"நீ எங்கிட்ட சொன்னியாளா?"

அவருக்கு இப்படி என்று எப்போது தெரியும் என்று கேட்டேன். "கடைய அடச்ச அன்னிக்கே தெரியும். சட்டப்பையில சாவிய வச்சுக்கிட்டு தெருவெல்லாம் தேடுனான்லா? எங்க அப்பாவுக்கும் கடைசியில அப்படித்தான் வந்துச்சு. ஒருத்தர்கிட்டயும் நான் மூச்சு விடல. ஊரு சிரிச்சா உன்னையா சிரிக்கும்? அவனையில்லா சிரிக்கும்." சொல்லிக்கொண்டே தம்பிக்கு முன்னால் போய் நின்றாள். முந்தானையால் அவர் வாயைத் துடைத்தாள். இதோ 'யக்கா' என்று கூப்பிடப் போகிறார் என்று நினைத்தேன்.

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். அப்புறம் என் பக்கம் சாய்ந்து, அடுத்தவர் காதில் விழக்கூடாது என்கிற மாதிரி மெதுவாகக் கேட்டார். "இந்த அம்மா யாரு தாயி? ரொம்பச் சத்தம் போடுதாக."

மைனி அப்படியே துவைகல்லில் உட்கார்ந்துவிட்டாள். எனக்குள் ஒரு சந்தோஷம் எழும்பியது. மறைக்க மாட்டேன், எழும்பத்தான் செய்தது. அவளும் இல்லை, நானும் இல்லை என்ற சந்தோஷம். அது அடங்குவதற்குள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

அந்த வாரமே அரளியை எல்லாம் தூரோடு தோண்டி எடுத்தோம். எரித்தால் புகை ஆகாது என்று வண்டியில் ஏற்றி அனுப்பினோம். மறைப்பு இல்லாமல் முடியாது என்றேன். "நமக்கு நடுவுல என்ன மயித்துக்கு மறப்பு? சந்துப் பக்கம் வை. ரெண்டு வீட்டுக்கும் சேத்து வை. செம்பருத்தி வை. அவன் கடிச்சாலும் ஒண்ணும் செய்யாது, நாரும் நல்லா வரும்" என்றாள் மைனி. ஆடு வராமல் சந்தோரம் கம்பி வலை அடித்தோம். சொன்ன மாதிரியே நார் நன்றாக வந்தது. அவரும் நாள் பூராவும் முறுக்கிக்கொண்டு, நயம் சரக்கு என்று சொல்லிக்கொண்டு இருந்தார். இரண்டு வீட்டுப் புறவாசலும் பழையபடி ஒன்றானபோது, இதற்குத்தான் அவள் இத்தனையும் செய்தாளோ என்று ஒரு நினைப்பு எனக்கு வந்ததும் உண்மை.

தினமும் வந்து அவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காருவாள். அவர் ஒரு நாளும் அக்கா என்று கூப்பிடவில்லை. அவளும் 'நான் தூக்கி வளத்த பிள்ளை' என்று சொல்வதை நிறுத்திவிட்டாள். அது எனக்கு என்னவோபோல் இருந்தது. ஒரு நாள் அவள் எழுந்து போகப் போகும்போது, என்ன நினைத்தேனோ, "நேத்து உங்களக் கேட்டாக மைனி" என்றேன்.

நின்றாள். "என்ன கேட்டான்?"

"அக்கா சாப்பிட்டாளான்னு கேட்டாக."

"அக்கான்னா சொன்னான்?"

"ஆமா. யக்கான்னு."

என் குழம்பை நம்பாதவள், என் வேலியை நம்பாதவள், என் முகத்தை உற்றுப் பார்த்தாள். இன்னும் ஒரு கேள்வி கேட்டிருந்தால் நான் மாட்டியிருப்பேன். அவள் கேட்கவில்லை. "சாப்பிட்டேன்னு சொல்லு" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

இப்போது அவரும் இல்லை. அவர் போன எட்டாம் மாசம் மைனியும் போய்விட்டாள். அவள் வீட்டில் ஹார்பரில் வேலை பார்க்கிற ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. நல்ல மாதிரிதான், பிறத்தியார் வீட்டுப் பக்கம் தலை திருப்ப மாட்டார்கள். புறவாசலில் நான் என்ன செய்தாலும் பார்க்க ஆளில்லை. துணி உலர்த்தும்போது அவளை நினைத்துக்கொள்வேன். அன்றைக்கு நான் சொன்ன பொய்யை அவள் நம்பித்தான் போனாளா, இல்லை நம்பின மாதிரி எனக்குக் காட்டிவிட்டுப் போனாளா? எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் பிடிபடவில்லை. அவள்மேல் எனக்கு மிச்சமிருக்கிற சந்தேகம் இது ஒன்றுதான்.