ஏழு வரிசைச் செங்கல்

ஐந்தாம் தேதி, வியாழன். காலை 6.40. போனில் மூன்று மிஸ்டு கால். மூன்றும் செஞ்சியிலிருந்து.

சாதிக் போய்விட்டான். ஹார்ட் அட்டாக்.

உங்களில் யாருக்கும் அவனைத் தெரியாது. எண்பதுகளில், டிப்ளமா முடித்த கையோடு, செஞ்சியில் கிணறுகளின் நீர்மட்டம் அளக்கும் வேலை எனக்கு. என்னோடு டேப் பிடித்தவன் சாதிக். என் வயதுதான். தினக்கூலி.

ஆபீஸில் "சார்" என்பான். சைக்கிள் தொண்டூர் ரோட்டில் திரும்பியதும் "இன்னாபா".

ஒவ்வொரு கிணற்றுச் சுவரின் உச்சியிலும் ஒரு செங்கல்லில் சிவப்புப் பெயிண்ட் குறி இருக்கும். அங்கிருந்துதான் டேப்பை இறக்கவேண்டும். அளந்ததும் அந்தக் கிணற்றிலேயே ஒரு வாளி இறைத்துக் குடிப்பான். "அளந்துட்டு சும்மா போனா கெணறு இன்னா நெனைக்கும்?" எனக்கு நேரமாகும். திட்டுவேன். பிறகு நானும் குடிப்பேன்... அப்படி ஒரு தண்ணீர்.

ஒரு மாதம் அவன் கல்யாண லீவு. தனியாகப் போனேன். ஊர் எல்லையில் இருந்த கிணற்றில் சிவப்புக் குறியைக் காணோம். தேடவில்லை. சுவர் மேலிருந்து அளந்தேன். போன மாதம் இருந்த அதே இருபத்திரண்டு அடி. "மாற்றம் இல்லை" என்று ரிப்போர்ட் போனது. அதை வைத்துப் பக்கத்து மனைகளுக்கு போர்வெல் போட அனுமதியும் கொடுத்துவிட்டார்கள்.

லீவு முடிந்து வந்தவன் சுவரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"செவுத்துல ரெண்டடி காணோம். நீ எங்கேர்ந்துபா டேப்பு வுட்ட?"

ஏழு வரிசைச் செங்கல்லை யாரோ பெயர்த்துப் போயிருந்தார்கள். பக்கத்துப் புது வீட்டின் துவைக்கிற மேடையில் சிவப்புப் பெயிண்டோடு ஒரு கல் இருந்தது. அந்த வீட்டம்மா கொஞ்சமும் அசரவில்லை. சும்மா கிடந்த கல்தானே என்றார். சாதிக் விழுந்து விழுந்து சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சுவர் இரண்டடி குறைந்தும் அளவு மாறவில்லை என்றால், தண்ணீர் இரண்டடி இறங்கிவிட்டது.

அன்றே திருத்தக் கடிதம் எழுத வைத்தான். எழுதினேன்.

அனுப்பவில்லை. புரொபேஷன் முடிய இரண்டு மாதம் இருந்தது. பிறகு டிரான்ஸ்பர்... அப்படியே போயிற்று.

அடுத்தடுத்து போர்வெல்கள். கிணறு வறண்டது. தெருவுக்குத் தண்ணீர் லாரி வந்தது. பல வருஷம் கழித்து ஒருநாள் அவனே போன் செய்தான். "நம்ம கெணத்த மூடிட்டாங்கபா. மேல செல்போன் கடை வந்துட்டுது."

அப்புறம் மெதுவாகக் கேட்டான். "அன்னிக்கு எழுதுனியே, அது போய்ச் சேந்துச்சா?"

"சேந்துச்சுடா" என்றேன்.

நம்பினான். அதான் தாங்கவில்லை.

இனி என்னை "இன்னாபா" என்று கூப்பிட ஆளில்லை. அந்த ரோடு, அந்த சைக்கிள், அந்த ஒரு வாளித் தண்ணீர்... எதுவும் இல்லை.

போய் வா சாதிக்.

இனி செய்யவேண்டியவை:

1. எட்டரை பஸ். மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். அதற்குள் போய்விடவேண்டும்.

2. கடிதம் போகவில்லை என்று அவன் மனைவியிடம் சொல்வது. முகத்தைப் பார்த்து.

3. திருத்தத்தை மறுபடி எழுதி ஆபீஸில் கொடுப்பது. இப்போது எதற்கு என்று கேட்பார்கள். சீல் போட்டு நகல் தரும்வரை அங்கேயே உட்கார்ந்திருப்பது.