அடி வெள்ளைக் காளான்

அன்று உடுப்பிட்டி வீட்டில் நானும் தங்கச்சியும்தான். அம்மா செத்தவீட்டுக்குப் போயிருந்தா. நிண்டிருந்தால் அந்தக் காளானை அடுப்படிக்குள் விட்டிருக்கமாட்டா.

மறுநாள் தங்கச்சிக்கு வருசத்தில் ஒருமுறை வரும் உயர்தரப் பரீட்சை, கணக்குப் பாடம். மழைக்கு வேலியோரம் குடைகுடையாக முளைத்திருந்ததை நான் பிடுங்கி வந்தேன்.

"அண்ணை, உது நஞ்செல்லோ?"

எங்கள் வீட்டில் முதன்முதல் பல்கலைக்கழகக் கம்பஸ் மிதித்தவன் நான். ஒன்றைக் கவிழ்த்துக் காட்டினேன். "ஒரே குடும்பத்தில ரெண்டு வகை இருக்கு. நஞ்சுக் காளானுக்குக் குடையின்ரை அடிமடிப்பு பச்சை. இது வெள்ளை, பார்."

"செத்தால் பேயா வந்து கேப்பன்," என்று சிரித்தபடி பால்கறி வைத்தாள். என்னைவிட அவள்தான் கூடச் சாப்பிட்டாள்.

படுக்க முதலே இருவரும் சத்தி எடுத்தோம். அவளால் எழும்பவே முடியவில்லை. ஆசுபத்திரியில் சேலைன் ஏற்றினார்கள். விடிய அவளுக்கு உடுப்பு எடுக்க வீட்டுக்கு வந்தேன். அடுப்படியில் மிஞ்சிக் கிடந்த காளான்களின் அடிமடிப்பு பச்சை பிடித்திருந்தது. நஞ்சுக் காளானும் இளசில் வெள்ளைதான் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

பரீட்சை தொடங்கும் நேரம் அவள் ஆசுபத்திரிக் கட்டிலில் கிடந்தாள். "நீங்களும் சாப்பிட்டனீங்கள்தானே அண்ணை," என்றாள். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அந்தச் சட்டிக் கறிக்கு எங்களுக்கு முடிஞ்ச செலவு, அவளின்ரை ஒரு வருசம்.