மாமாவின் கட்டில்

பத்து வயதில் எனக்குச் சொந்தமாக ஒரு கட்டில் கிடைத்தது. அம்மாவின் தம்பி மேல்படிப்புக்கு அமெரிக்கா போனதால் வந்த சொத்து அது. மந்தைவெளியில் எங்கள் சிறிய வீட்டில் தங்கித்தான் மாமா நந்தனத்தில் கல்லூரி முடித்திருந்தார். அவரை விமானம் ஏற்றிவிட்டுத் திரும்பிய அன்றே நான் பாயைச் சுருட்டிவிட்டுக் கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டேன். பெரியவர்களும் சும்மா இருக்கவில்லை. அவருடைய மேஜையில் அம்மா மிக்ஸியை வைத்தாள். சைக்கிளை அப்பா எடுத்துக்கொண்டார்.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் வீட்டில் தொலைபேசி கிடையாது. மாதம் இருமுறை மாமாவுக்கு நீல நிற ஏரோகிராம் கடிதம் போகும். நன்றாகப் படி என்று அப்பா எழுதுவார். ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே போகாதே என்று அம்மா எழுதுவாள். ஒட்டுகிற மடிப்பில் மிஞ்சிய இரண்டு விரல் இடம் எனக்கு.

மாமா எனக்கு வெறும் கேள்விகளாகவே எழுதுவார். ஐந்து பி பஸ் இன்னும் நம் நிறுத்தத்தில் நிற்காமல் போகிறதா? மழை வந்தால் இஸ்திரிக்காரர் வண்டியை எங்கே நிறுத்துகிறார்? அமெரிக்காவைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. ஒருமுறை, வீடு எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தார். ‘கட்டில் இப்போது என்னுடையது. மேஜை மிக்ஸிக்கு. சைக்கிள் அப்பாவுக்கு. எல்லாரும் சௌக்கியம்’ என்று மணிமணியாக எழுதினேன். அம்மா படித்துப் பார்க்காமலே சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டிவிட்டாள்.

போன மாதம், வெளிநாட்டுக் கல்லூரியில் சேர்ந்து மூன்று மாதமே ஆன என் மகளிடம் போனில், இங்கே காலியாகக் கிடக்கும் அவள் அறை துணி காயப்போட எவ்வளவு வசதியாக இருக்கிறது என்று நானும் அதே குதூகலத்தோடு சொல்லிக்கொண்டிருந்தேன். “சரிம்மா, வெச்சிடறேன்” என்றாள். அந்தக் குரலிலிருந்து இன்னும் என்னால் மீள முடியவில்லை.

அன்றைய என் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. டிசம்பரில் மாமாவே டாக்சியில் வந்து இறங்கினார், பாதியாக இளைத்து. லீவு என்றார். எத்தனை நாள் என்று அப்பா கேட்டபோது பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். படிப்பை விட்டுவிட்டானோ என்று அப்பா சமையலறையில் குரலைத் தாழ்த்திக் கவலைப்பட்டார். என் கவலை வேறு.

“கட்டில் என்னுதுதான மாமா?”

“உன்னுதுதான்டி. ஓரமா ஒரு ஆளு படுத்துக்கலாமா?”

“குறட்டை விட்டா கீழ தள்ளிடுவேன்.”

நாளெல்லாம் அந்த ஓரத்திலேயே படுத்துக் கிடந்தார்.

துவைக்கப் போட்ட அவர் சட்டைப் பையில் அந்த ஏரோகிராம் அகப்பட்டது. மடித்து மடித்து நைந்திருந்தது. துவைக்கிற கல்லருகே நின்றபடியே அம்மா என் வரிகளைப் படித்தாள். என்னைத் திட்டவில்லை. நேரே உள்ளே வந்து மிக்ஸியைத் தரையில் இறக்கி, மேஜையை ஈரத்துணியால் துடைத்தாள்.

“இது உன் எடம்டா. நீ அங்க இருந்தாலும் உன்னுதுதான். போக முடியலன்னா போவாத, யாரு கேக்கப் போறா?”

மாமா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். மறுநாள் காலையில் எழுந்து முகச்சவரம் செய்துகொண்டார்.

பொங்கல் முடிந்து அவர் கிளம்பியதும் தலையணையோடு கட்டிலுக்கு ஓடினேன். அம்மா பிடித்திழுத்துப் பாயில் விட்டாள். அவர் பட்டம் வாங்கும்வரை அதில் யாரும் படுக்கவில்லை. அம்மா தரையில் உட்கார்ந்தே மிக்ஸியில் அரைத்தாள். அவளுக்கு என்னைவிடத் தம்பிதான் பெரிது என்று பாயில் படுத்து அழுதிருக்கிறேன். ஸ்வெட்டரைப் பற்றி எழுதுவதை விட்டுவிட்டு, ‘வெள்ளிக்கிழமை உன் கட்டிலுக்கு விரிப்பு மாற்றினேன்’ என்று ஒவ்வொரு கடிதத்திலும் அவள் எழுதிக்கொண்டிருந்தது அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும், அதில் என்ன இருக்கிறது என்றுதான் கேட்டிருப்பேன்.