மோன் எழுத்தில் ஒரு திருமணத் தாள்

நன்னிலம் வட்ட அலுவலகத்தில் அன்று நான் பேசியதை இன்றும் என்னால் பொறுத்துக்கொள்ள இயலவில்லை.

குத்தகை உழவர்களின் உரிமையைப் பதிவு செய்யும் சட்டம் வந்திருந்த காலம். பர்மாவிலிருந்து திரும்பி எங்கள் தெருவில் வாழ்ந்த உழவர் ஒருவர் இறந்துவிட்டார். அவர் குத்தகைக்கு உழுத ஆறு மா நிலத்தைத் தம் பெயரில் பதியுமாறு அவர் மனைவி மனுக் கொடுத்தார். அவ்வம்மையார் பர்மாவின் மோல்மீன் நகரப் பக்கத்து மோன் இனத்தவர். இறந்தவரின் தம்பியோ அவரைத் தம் அண்ணியே அல்லர் என்றார். அம்மையாரிடம் இருந்த சான்று ஒன்றே: திருமணத்தன்று அவ்வூர்ப் பௌத்தத் துறவி மோன் மொழியில் எழுதிக் கொடுத்த தாள். பழைய எழுத்துகளைக் கற்றவன் என்பதால் என்னை உடன் அழைத்துச் சென்றார்.

"பர்மா கப்பல்ல ஆயிரம் பேர் வந்தாங்க. அத்தன பேரும் எனக்கு அண்ணிங்களா?" என்றார் தம்பி. சிலர் சிரித்தனர்.

வட்டாட்சியர் தாளை என்னிடம் நீட்டினார். மோன் மொழி எனக்குத் தெரியாது. எழுத்து ஓரளவு தெரியும். இரண்டாம் வரியில் இறந்தவரின் பெயரை மனத்துக்குள் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டேன். அதை மட்டும் சொல்லிவிட்டு அமர்ந்திருக்க வேண்டும். அதை விட்டு, பல்லவர் காலத்து எழுத்து கடல் கடந்து மோன் மக்களை அடைந்ததையும், அவர்களிடமிருந்து பர்மியர் அதைப் பெற்றதையும், பின்னர் மோன் அரசு வீழ்ந்ததையும் விரித்துரைத்தேன். தமிழ் மண்ணிலிருந்து சென்ற எழுத்து என்றதும் வட்டாட்சியர் நிமிர்ந்து அமர்ந்தார். அந்நாளில் அப்பெருமைக்கு மயங்காதார் அரியர். முதலில் மயங்கியவன் நானே.

"இவ்வளவு பழசா இது? மியூசியத்துல வைக்கவேண்டியதுங்க, புலவரய்யா," என்றார் வட்டாட்சியர். அடுத்த மனுவை அழைத்துவிட்டனர்.

பெயரைச் சொல்லாமல் வந்தது பேருந்தில்தான் உறைத்தது. மறுநாள் எழுதிக் கொடுத்தேன். விசாரணை முடிந்தது என்றனர். ஆணையில், அத்தாள் பழங்கால எழுத்து ஆவணம், திருமணச் சான்றாகக் கொள்ள இயலாது என்றிருந்தது.

அம்மையார் தாளை மடித்து வாங்கிக்கொண்டார்.

"எங்க ஊரு பள்ளிக்கூடத்துல எங்க பாஷையே வேணாம்னாங்க. நீங்க அதைப் பெருசாதான் பேசினீங்க, ஐயா. அவரு பேரு அதுல இருக்குன்னு மட்டும் சொல்லியிருக்கலாம்."

அடுத்த நடவில், அதே ஆறு மாவில், அவர் கூலிக்கு இறங்கினார்.