மூன்று வகைத் தண்ணீர்

காருக்குள் தண்ணீர் ஒழுகினால் ஊரில் பாதிப்பேர் முதலில் தங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம்தான் போவார்கள். அவர் கண்ணாடி ஓரமெல்லாம் பசையை அப்பி, "இனி சொட்டு விழாது, நான் பொறுப்பு" என்று அனுப்பிவைப்பார். அடுத்த மழைக்குக் கால்மிதி மறுபடி சொதசொதவென்று இருக்கும். பொறுப்பேற்றவர் போனை எடுக்க மாட்டார். அப்புறம்தான் எல்லோரும் மோப்பத்தைத் தேடி வருவார்கள்.

டயர் கடைக்கும் மரக்கடைக்கும் நடுவே தகரக் கூரை போட்ட கொட்டகை அவருடையது. வாசல் பலகையில் 'மோப்பம் - கார் ஒழுக்கு பார்க்கப்படும்' என்று எழுதியிருக்கும். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் செய்தது. அதை வங்கிக்காரர்களைத் தவிர யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

பட்டப்பெயர் சும்மா வந்துவிடவில்லை. கார் வந்து நின்றதும் மோப்பம் ஒரு கேள்வியும் கேட்க மாட்டார். கால்மிதியை மடக்கிவிட்டு, அதற்கடியில் இருக்கும் கம்பளத்தில் கறுத்துப்போன பழைய பனியன் துணியை வைத்து முழங்கையால் அழுத்துவார். ஈரம் ஏறிய துணியை மூக்கிடம் கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொள்வார். டீ குடிக்க வந்தவன்கூட அந்த நேரத்தில் டம்ளரைக் கையில் பிடித்தபடி நின்றுவிடுவான்.

"காருக்குள்ள வர்ற தண்ணி மூணே வகைதான்" என்பார் மோப்பம். "மழத்தண்ணின்னா மண்ணும் இலையும் அழுகின வாடை வரும். ஏசி தண்ணின்னா ஈரச் செவுரு வாடை. மூணாவது, இன்ஜின் சூட்டத் தணிக்க ஓடுற கூலண்ட். அது இனிப்பு வாடை அடிக்கும். முதல் ரெண்டும் உங்க கால நனைக்கும். மூணாவது ஆளையே கவுத்துடும்."

மழைத்தண்ணீர் என்று தெரிந்துவிட்டால் அடுத்து அவர் மனைவியின் ராஜ்ஜியம். மோப்பம் உள்ளே ஏறிக் கதவுகளைச் சாத்திக்கொண்டு, ரப்பர் விளிம்பெல்லாம் முகப் பவுடரைத் தூவிவிட்டு டார்ச்சோடு குந்தியிருப்பார். வெளியே அந்தம்மா ஓஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டு கீழிருந்து மேலாக, ஒரு சாண் ஒரு சாணாகத் தண்ணீர் விடுவார். மேலிருந்து விட்டால் எல்லா இடமும் நனைந்து எது ஓட்டை என்றே தெரியாது. பவுடரில் கோடு விழுந்த இடத்தில் ஓட்டை. மோப்பம் கண்ணாடியைத் தட்டினால் அந்தம்மா குழாயை மூட வேண்டும். தட்டியும் மூடாமல், தட்டாமலே மூடி, கண்ணாடிக்கு அந்தப்பக்கமும் இந்தப்பக்கமும் இருந்துகொண்டு சத்தமே கேட்காமல் அவர்கள் போட்ட சண்டைகளில்தான் அந்தக் குடித்தனம் வளர்ந்தது.

"நம்ம கொட்டகைக்கு ரெண்டாந்தடவ வந்த வண்டி கெடையாது" என்பது மோப்பத்தின் பீற்றல். அது பொய்யுமில்லை.

போன மழைக்காலத்தில் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. படுத்து எழுந்தார். உடம்பு தேறியது, பசி திரும்பியது, பேச்சும் பழையபடி நீளமானது. வாசனை மட்டும் திரும்பவில்லை. சோப்பை மோந்து பார்த்தார். பெட்ரோல் கேனைத் திறந்து மோந்து பார்த்தார். வெறும் காற்றுதான் மூக்கில் ஏறியது. நாளைக்கு வரும், அடுத்த வாரம் வரும் என்று காத்திருந்தார். பலகையில் பெயரே மோப்பம். மூக்குப் போன மோப்பத்தை எவன் தேடி வருவான்? அதனால் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை, கட்டின மனைவியிடம்கூட.

வேலையை விடவுமில்லை. துணியை அழுத்தினார், மூக்கிடம் கொண்டுபோனார், கண்ணை மூடினார். மூடிய கண்ணுக்குள் கணக்குப் போட்டார். மழைக்காலம், கதவுப் பக்கம் ஈரம், ஆக மழைத்தண்ணீர். பத்துக்கு ஒன்பது வண்டி அதுதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டார். பிரசவம் பார்க்கிற நர்ஸம்மா தன் சின்னக் காரைக் கொண்டுவந்து, "காலடில ஈரம். கண்ணாடில வேற உள்பக்கம் பிசுக்கா ஏதோ படியுதுங்க" என்றபோதும் மழைத்தண்ணீர்தான் என்றார். கதவு ரப்பரை மாற்றினார். அந்தம்மா கும்பிட்டுவிட்டுப் போனார். வண்டி திரும்பி வரவில்லை. எந்த வண்டியும் திரும்பி வரவில்லை. ஓட்டை அடைபட்டதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று மோப்பம் நிம்மதியாகத் தூங்கினார். தூங்குகிறவரை எழுப்புவதற்கு அப்போது ஆளுமில்லை.

இப்படி இருக்கையில் மாப்பிள்ளை தன் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். ஒரே மகளைக் கட்டியவர். மாமனார் மேல் அவருக்கு இருந்த மரியாதை கொஞ்சநஞ்சமல்ல. அலுவலகத்தில் யார் காரில் ஈரம் என்றாலும் "எங்க மாமா மூக்கால பாத்தே சொல்லிடுவாரு" என்று மார்தட்டுகிறவர்.

"மாமா, இடதுபக்கக் காலடி நனையுது. நாளைக்குக் காலைல மலைக்கு மேல எங்கம்மாவப் பாக்கப் போறோம். அவளும் பாப்பாவும் வர்றாங்க. கொஞ்சம் பாத்துக் குடுத்துடுங்க."

மோப்பம் துணியை அழுத்தினார். மூக்கிடம் கொண்டுபோனார். கண்ணை மூடினார். முந்தின இரவு நல்ல மழை பெய்திருந்தது.

"மழத்தண்ணிதான், மாப்ள" என்றார்.

அன்று ஒழுக்கும் கிடைத்தது. அதுதான் கேடு. முன்கண்ணாடியின் இடது மூலையில் பவுடர்மேல் மெலிசாக ஒரு கோடு விழுந்தது. மோப்பத்துக்கு வந்த சந்தோஷத்தில் கண்ணாடியை மூன்று தடவை தட்டினார். "ஒரு தடவ தட்டினா காது கேக்காதா எனக்கு" என்று மனைவி வெளியிலிருந்து வாயசைத்தார். மூலையைச் சுரண்டி, துடைத்து, புதுப் பசை இழுத்து, காயவிட்டு மறுபடி தண்ணீர் விட்டுப் பார்த்தார்கள். சொட்டு இல்லை. கம்பளத்தைப் பிழிந்த தண்ணீரைப் பழைய கறுப்புப் பெயின்ட் வாளியில் விட்டு ஓரமாக வைத்தார். பிழிந்த துணியைக் கம்பியில் போட்டார். கை பிசுபிசுத்தது. பசை வேலை பார்க்கிறவன் கை என்றைக்குத்தான் பிசுபிசுக்காமல் இருந்தது?

மறுநாள் விடிந்ததும் மகளும் மாப்பிள்ளையும் பேத்தியும் கொட்டகை வழியாகவே போனார்கள். பேத்தி பின்கண்ணாடியில் மூக்கை அமுக்கி வேடிக்கை காட்டியது. மோப்பமும் தன் மூக்கைக் கையால் அமுக்கிக் காட்டினார்.

கொட்டகையில் ஒரு நாய் உண்டு. படுத்த இடத்திலிருந்தே எல்லாவற்றையும் மேற்பார்வை செய்வதால் அதற்கு மேஸ்திரி என்று பெயர். கார் போய் வெகுநேரம் கழித்து மேஸ்திரி எழுந்து வந்தது. வந்த நடை சரியில்லை. பின்னங்கால்கள் ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம். நாலடி வைத்ததும் தடுமாறி விழுந்தது, எழுந்தது, வாந்தி எடுத்தது.

"என்னடா மேஸ்திரி, காலைலயே தண்ணியடிச்சிட்டியா" என்று மோப்பம் சிரித்தார். நாய் அவரைப் பார்த்தது. அந்தப் பார்வையில் சிரிப்பு நின்றுபோயிற்று.

அதே நேரம் கம்பிக்குப் பக்கத்திலிருந்து மனைவி குரல் கொடுத்தார். "என்னங்க, இந்தத் துணில ஏன் இத்தன எறும்பு?"

மோப்பம் போய்ப் பார்த்தார். நேற்றுப் பிழிந்து போட்ட பனியன் துணி. துணி தெரியவில்லை, எறும்புதான் தெரிந்தது. மனைவி ஒரு முனையைப் பிடித்து உதறி மூக்கிடம் கொண்டுபோனார்.

"பாகு வாடை வருதே" என்றார்.

மோப்பம் வாளியை எட்டிப் பார்த்தார். நேற்று கால்வாசி இருந்தது, இப்போது அடியில் கொஞ்சம் கிடந்தது. விளிம்பில் நாய் நக்கிய தடம். கறுப்பு வாளியில் தெரியாத நிறம் தெரியட்டும் என்று மிச்சத்தைச் சிமெண்டுத் தரையில் கவிழ்த்தார். பச்சையாக ஓடியது. கூலண்டைத் திறந்த வாளியில் வைக்காதே, இனிப்புக்கு நாய் குடித்துவிடும், குடித்தால் பிழைக்காது என்று ஊர் மெக்கானிக்குகளுக்கெல்லாம் பாடம் எடுத்தவர் அவர்தான்.

இப்போதுதான் அவருக்கு உறைத்தது. டேஷ்போர்டுக்குப் பின்னால் ஹீட்டர் பெட்டி இருக்கிறது. இன்ஜினின் கொதிக்கும் கூலண்ட் அதற்குள் போய்விட்டு வரும். ஒழுகியது அது. மலைமேல் குளிர் ஏற ஏற மாப்பிள்ளை ஹீட்டரைப் போடுவார். ஆவி கிளம்பி முன்கண்ணாடியில் பிசுக்காகப் படியும், துடைத்தாலும் போகாது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், எதிரே லாரி வருகிற பாதை அது.

"அவங்களக் கூப்பிடு" என்றார். தன் போன் தன் கையிலேயே இருப்பதை மறந்துபோயிருந்தார்.

"ஏங்க, நேத்து நீங்க மோந்து பாத்தப்ப இது தெரியலையா?"

மோப்பம் மனைவியைப் பார்க்காமல் சொன்னார். "எனக்கு மூக்கு போயி வருஷமாகப் போவுது."

"தெரியும்."

அவர் நிமிர்ந்தார்.

"காய்ச்சல் விட்டதுக்கப்புறம் ஒருநாள் அடுப்புல பால் தீஞ்சுது. நான் மாடில இருந்து ஓடி வர்றேன், நீங்க அடுப்புக்குப் பக்கத்துலயே உக்காந்து பேப்பர் படிக்கிறீங்க. அன்னைக்கே தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"நீங்களாச் சொல்லுவீங்கன்னு இருந்தேன். சொல்லிக் காமிச்சா ஒடஞ்சிடுவீங்கன்னு இருந்தேன்." அந்தம்மா கையிலிருந்த துணியைக் கீழே போட்டார். "நேத்து அந்தத் துணிய நானாவது ஒரு தரம் மோந்து பாத்திருக்கணும். பாவி, ஓஸ பிடிச்சிக்கிட்டு நின்னேன்."

மகளுடைய எண் தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தது. மாப்பிள்ளையின் எண்ணும் அப்படியே. அந்தப் பெண் குரல் அதே வாக்கியத்தைச் சலிக்காமல் சொல்லிக்கொண்டிருந்தது. மோப்பம் மறுபடி மறுபடி அழுத்தினார். மேஸ்திரி தகரச் சுவரோரம் போய்ப் படுத்து வேகமாக மூச்சுவிட்டது. மனைவி அதன் பக்கத்தில் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்தார். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எத்தனையாவது தடவையோ, மகள் எடுத்தாள்.

"அப்பா, நானே கூப்பிடலாம்னு பாத்தேன். கண்ணாடியெல்லாம் ஒரே பொகையா இருக்குப்பா. நான் தொடைக்கத் தொடைக்க எண்ணெ மாதிரி இழுவுது. இவரு தலைய வெளிய நீட்டி ஓட்டிட்டு வர்றாரு."

"நிறுத்தச் சொல்லு. இப்பவே நிறுத்தச் சொல்லு."

"வளைவு தாண்டி நிறுத்தறேங்கறாருப்பா. என்னமோ பாகு காச்சற மாதிரி வாடை வேற. கெளம்பினதுலேர்ந்தே வருது. நான் சொன்னேன், இது மழத்தண்ணி இல்ல, நீங்க சொல்லுவீங்களே அந்த மூணாவது தண்ணின்னு. இவரு கேட்டாத்தானே? மாமாவே மோந்து பாத்துச் சொல்லிட்டாரு, அவர் மூக்குக்கு முன்னாடி உன் மூக்கு எம்மாத்திரம்னுட்டாரு."

மோப்பம் போனை வாயருகே இழுத்தார். பக்கத்தில் மனைவி நிற்பதும், மரக்கடைக்காரர் எட்டிப் பார்ப்பதும் தெரிந்தே கத்தினார்.

"எனக்கு மூக்கே இல்லம்மா. வாசனையே தெரியாது எனக்கு. உன் மூக்குதான் சரி. நிறுத்தச் சொல்லு."

போனில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு லாரி ஹாரன், நீளமாக, நெருங்கி நெருங்கி. மகள் ஏதோ சொன்னாள், புரியவில்லை. டயர் சரளையில் தேய்ந்த சத்தம். குழந்தை வீரிட்டது. லாரி ஹாரன் கடந்து போய்த் தேய்ந்தது.

"அம்மாடி" என்றார் மோப்பம். "அம்மாடி, பேசு."

"நிறுத்திட்டோம்ப்பா." மகள் மூச்சு வாங்கினாள். "ஓரத்துக் கல்லுல இடிச்சு நிக்குது. எல்லாரும் எறங்கிட்டோம். பாப்பாவுக்கு ஒண்ணுமில்ல. பயந்துட்டா."

மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மோப்பம் காரை விட்டுத் தள்ளிப் போகச் சொன்னார், கூலண்ட் மூடியைத் திறக்காதே, கொதிநீர் அடிக்கும் என்றார். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னார். போன் கை மாறியது.

"மாமா." மாப்பிள்ளையின் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பார். "எப்பலேர்ந்து மாமா?"

"போன மழைக்குக் காய்ச்சல் வந்துதே, அதுலேர்ந்து."

"அதுக்கப்புறம் நான் எங்க ஆபீஸ்லேர்ந்து எத்தன பேர உங்ககிட்ட அனுப்பியிருக்கேன்?"

மோப்பம் விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். மலைமேல் காற்று அடிக்கும் சத்தம் கேட்டது, பிறகு தொடர்பு அறுந்தது.

அவர் அதே இடத்தில் நின்றார். அத்தனை பேரும் மனதில் வந்தார்கள், அவரவர் காரோடு. துணியை மூக்கிடம் கொண்டுபோனதும், அவர்கள் வாய் பிளந்து பார்த்ததும், தான் கண்ணை மூடிக்கொண்டதும். யாரும் திரும்பி வரவில்லை. ஓட்டை அடைபட்டதால் வராதவர் யார், வர முடியாமல் போனவர் யார் என்று இப்போது அவருக்குத் தெரியவில்லை.

கண்ணாடியில் உள்பக்கம் பிசுக்குப் படிகிறது என்று நர்ஸம்மா தன் வாயாலேயே சொன்னார். மூக்கு இல்லாதவனுக்கும் அது போதுமே, காது இருந்திருந்தால்.

சுவரோரம் மேஸ்திரியின் மூச்சு எப்போதோ நின்றுபோயிருந்தது. மனைவி அதன்மேல் ஒரு சாக்கைப் போர்த்தினார். மோப்பம் போனில் நர்ஸம்மாவின் எண்ணைத் தேடி எடுத்து அழுத்தி, காதில் வைத்துக்கொண்டார். அந்தப் பக்கம் மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.