திரையில் ஆறு மீன்கள்

என் கணவருக்கு இடது கண் போய் இரண்டு வருஷமாகிறது. சர்க்கரை வியாதி. வலது கண்ணை மாதத்துக்கு ஓர் ஊசி என்று போட்டுக் காப்பாற்றிக்கொண்டிருந்தோம். டாக்டர் கட்டம் போட்ட ஒரு காகிதம் கொடுத்திருந்தார். தினமும் காலையில் அதைப் பார்க்க வேண்டும். ஒரு கோடு வளைந்து தெரிந்தாலும் அன்றைக்கே கிளம்பி வந்துவிட வேண்டும், அடுத்த ஊசிவரை காத்திருக்கக் கூடாது. இவ்வளவுதான் விஷயம். குழந்தைக்குக்கூடப் புரியும்.

எங்களுக்குப் புரியவில்லை. அவர் இந்தக் கன்னட ஊரின் அக்ரஹாரத்தில் இருபது வருஷம் கம்ப்யூட்டர் கிளாஸ் நடத்தியவர். "சும்மா கட்டத்தையே பாத்துண்டு ஒக்காரச் சொல்றார். அசையாத ஒண்ணுல என்ன டெஸ்ட் வேண்டிக்கெடக்கு?" என்று காகிதத்தை பிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டு, ஹாலில் இருந்த பழைய கம்ப்யூட்டரில் தன் டெஸ்டை வைத்துக்கொண்டார். மீன்தொட்டி ஸ்கிரீன்சேவர். அமைப்புகளுக்குள் போனால் மீன்களின் பட்டியல் வரும். எதை டிக் செய்கிறோமோ அந்த மீன் மட்டும் நீந்தும். ஆறு மீன்களை டிக் செய்தார். வேகம் நடுத்தரம். காத்திருக்கும் நேரம் ஒரு நிமிஷம்.

காபி குடித்துவிட்டு எதிரே உட்காருவார். ஒரு நிமிஷத்தில் திரை நீலத் தண்ணீராகும், செடி அசையும், மீன்கள் வரும். "மஞ்சள், வலது பக்கம் போறது." நான் சமையலறை வாசலிலிருந்து எட்டிப் பார்த்து, "கரெக்ட்" என்பேன். "வரி போட்டது, கீழ." "கரெக்ட்." மேஜையைத் துடைக்கும்போது மௌஸில் கை பட்டுவிட்டால் மீன்கள் மறைந்துவிடும். அன்று எனக்கு அர்ச்சனைதான். "உங்க மீனுக்கு இருக்கற மரியாதை இந்த வீட்டுல எனக்கில்லை" என்பேன். சிரிப்பார். எனக்கும் அந்த டெஸ்ட் பிடித்திருந்தது, பொய் சொல்லுவானேன். பிரிட்ஜைத் தினமும் பத்துத் தடவை திறந்தேன். அந்தக் காகிதத்தை ஒரு தடவையாவது எடுத்து அவர் முன்னால் வைத்தேனா? இல்லை.

ஒரு காலை, வரி போட்ட மீன் நட்டநடுவில் போய்க்கொண்டிருந்தது. "நீலம்" என்றார். நான் ஹாலுக்குள் வந்து திரையைக் கிட்டே பார்த்தேன். "இல்லையா?" என்று கேட்டார். அந்தக் குரலை எனக்குக் கேட்கச் சகிக்கவில்லை. "நீலம்தான்" என்றேன். ஆபீஸில் இன்ஸ்பெக்‌ஷன் வாரம். லீவு கேட்டால் மேனேஜர் மூஞ்சியைக் காட்டுவார். மீன் வேகமாகப் போகிறது, அதனால்தான் தப்பு வருகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் அவர் குளிக்கப் போனபோது வேகத்தைக் குறைத்தேன். இரண்டு நாள் சரியாகச் சொன்னார். பிறகு மறுபடி தப்பு. சின்ன மீன்களின் டிக்கை எடுத்தேன். ஆறு நாலாயிற்று, நாலு இரண்டாயிற்று. வரி மீனும் மஞ்சளும் மட்டும் ஆமை வேகத்தில் போய்க்கொண்டிருந்தன. இதைச் செய்யும்போது பயமோ அழுகையோ வரவில்லை. அடுப்பைச் சிம்மில் வைப்பதுபோல வைத்துவிட்டு ஆபீஸுக்குப் போனேன். சாயங்காலம் வந்து வெங்காயம் நறுக்கினேன். இப்படியே மூன்று வாரம்.

கடைசியில் வரி மீனையும் எடுத்துவிடலாம் என்று, கண்ணாடி போட்டுக்கொள்ளாமல், ஸ்கூட்டர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே டிக்கை எடுத்தேன். அவசரத்தில் மஞ்சளின் டிக்கும் போய்விட்டது போலிருக்கிறது. நான் கவனிக்கவில்லை.

மறுநாள் காலை காபி டம்ளரோடு போனேன். திரையில் வெறும் தண்ணீர். செடி அசைகிறது, குமிழ் மேலே போகிறது. ஒரு மீன்கூட இல்லை.

"மஞ்சள்" என்றார். "எடது பக்கம் திரும்பறது. நன்னாத் தெரியறது."

டம்ளரை மேஜையில் வைத்தேன். பிரிட்ஜ் கதவிலிருந்து காகிதத்தை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தேன்.

"என்ன இது?"

"கட்டம். பாருங்கோ."

வெகுநேரம் பார்த்தார். "நடுவுல ஒண்ணுமே இல்லடீ" என்றார். "ஓரத்துல கோடெல்லாம் கோணலா ஓடறது."

"எத்தனை நாளா?"

"நீ மீனை ஸ்லோ பண்ணினியே, அதுக்கு முன்னாடியே."

"அது ஒங்களுக்குத் தெரியுமா?"

"எத்தனை பேருக்கு இதைச் சொல்லிக்கொடுத்திருக்கேன், எனக்குத் தெரியாதா? நீ மாத்தினப்போ, சரி, இவளுக்கும் தெரிஞ்சுபோச்சுன்னு நெனச்சேன். நீ ஒண்ணும் சொல்லலை. நானும் சொல்லலை."

அன்றைக்கே போனோம். டாக்டர் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார், ஸ்கேன் எடுத்தார். பிறகு எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார்: போனது போனதுதான், இருக்கிற ஓரத்துப் பார்வையைத்தான் இனிமேல் காப்பாற்றப் பார்க்கலாம்; முதல் நாளே வந்திருந்தால் கதை வேறு. எப்போதிலிருந்து இப்படி என்று கன்னடத்தில் கேட்டார்.

"நேத்துலேர்ந்துதான்" என்று இவரும் கன்னடத்தில் சட்டென்று சொன்னார். எனக்காகத்தான் சொன்னார். அது எனக்குத் தெரிந்தது, தெரிந்தும் உள்ளே எதுவும் அசையவில்லை.

ஒரே நாளில் இவ்வளவு ஆகாதே, நேற்றிலிருந்துதானா என்று டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்டார். நான் இவருக்கு இடது பக்கம், கண் போன பக்கம், உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்காமல் தலையை ஆட்டினேன். டாக்டர் ஃபைலில் ஏதோ எழுதினார்.

வெளியே வராந்தாவில் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பாதி தூரம் போனதும் நின்றார்.

"டாக்டர் ஒன்னைக் கேட்டாரே, நீ என்ன சொன்னே?"

"தலையை ஆட்டினேன்."

"ஆமான்னா, இல்லைன்னா?" என்று கேட்டார்.